கேமரா இல்லாத சமாதானம்

மகள் தொலைக்காட்சி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகிறாள் என்று அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். முடிவெட்டும் கடையில், மளிகைக் கடையில், கேட்டவர்களிடம், கேட்காதவர்களிடம் எல்லாம். "எம் பொண்ண இனிமே டி.வி.லதான் பாக்கணும்" என்று ஒரே பெருமை. அங்கே மகள் செய்கிற வேலை தெரிந்திருந்தால் மனிதர் வாயைத் திறந்திருக்க மாட்டார். மகள் கோள் மூட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்தில் அதற்கு 'வார்ம்-அப்' என்று பெயர். பெயரை மாற்றிவிட்டால் எந்த அசிங்கத்துக்கும் சம்பளம் கொடுக்கலாம். இவளுக்குச் சம்பளமும் இல்லை. கடைசியில் டைரக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அதைக் கல்லூரியில் கொடுத்தால் தேர்ச்சி, கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் வீண். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைப்பது. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், அப்பா மகன் என்று யாராவது அடித்துக்கொண்டு வருவார்கள். நடுவில் உயரமான நாற்காலியில் மேடம் உட்கார்ந்து நீதி சொல்வார். திரையில் எல்லோரையும் "தங்கம்" என்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வார். விளக்கு அணைந்ததும், தங்கங்கள் தொட்ட கையை அழுத்தி அழுத்திக் கழுவுவார்.

சண்டையைத் தீர்ப்பதற்கு முதலில் சண்டை வேண்டும் இல்லையா? பாவம், பல பேர் வாசலிலேயே பாதி சமாதானமாகி வந்துவிடுவார்கள். அதற்குத்தான் டைரக்டர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். காலையிலேயே வரச்சொல்லி, இரு தரப்பையும் தனித்தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். ஏ.சி.யை நடுங்குமளவு வைக்க வேண்டும். கொண்டுவந்த சாப்பாட்டுப் பையைப் பாதுகாப்பு என்று சொல்லி வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். தண்ணீர் கேட்டால் "இதோ வருது" என்று சொல்ல வேண்டும், கொண்டுவரக் கூடாது. "வயிறு நெறஞ்சவன் நியாயம் பேசுவான். நமக்கு எதுக்கு நியாயம்?" என்பார் டைரக்டர். இதைச் சொல்லிவிட்டுத் தன் மேசையில் பிஸ்கட் தின்பார்.

அன்றைக்கு வந்தவர்கள் அக்கா தங்கை. அக்கா பள்ளிக்கூடத்தில் ஆயா, தங்கை தையல்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது அக்கா பக்கத்தில் இருந்தாள், தங்கைக்குச் சொல்லவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் போனது. அன்றிலிருந்து தங்கை அக்காவின் முகத்தில் விழிப்பதில்லை.

"அருமையான கேஸ்" என்று டைரக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "ஏம்மா ட்ரெயினி, பெரியவகிட்டப் போ. 'சொத்துக்காகத்தான் அம்மாவைக் காட்டலன்னு உங்க தங்கச்சி சொல்றாங்க'ன்னு போட்டு விடு."

"அவங்க அப்படிச் சொல்லலையே சார். சொத்தே இல்லையாமே."

"இல்லைன்னா என்ன? சொன்னதும் வரும் பாரு கோவம்."

அவள் பெரியவளின் அறைக்குப் போனாள். பெரியவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, டைரக்டர் சொன்னபடியே சொல்லிவிட்டாள். சொல்லும்போது தன் வாய் தனக்கே நாறியது.

பெரியவளுக்குக் கோபம் வரவில்லை.

"அவளா சொன்னா? சொல்லட்டும். அப்ப அவ நெறமாசம்மா. முந்தி ரெண்டு தடவ வயித்துலயே போயிடுச்சு. 'அவளுக்குச் சொல்லாத, ஓடி வருவா, இதுவும் போயிடும்'னு அம்மா என் கையப் புடிச்சுக் கேட்டுச்சு. கடைசியாப் பேசுனதே அதுதான். இத நான் அவகிட்டச் சொன்னா, 'இதாலதான் அம்மா மொகத்தப் பாக்கல'ன்னு அந்தப் புள்ளய வெறுத்துடுவாளோன்னு பயம். என்னையவே வெறுத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இவள் ஓடிப்போய் டைரக்டரிடம் சொன்னாள். விஷயம் தெரிந்தால் இரண்டு பேரையும் சாப்பிட வைத்து அனுப்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை. புத்தி கெட்டவள்!

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "கடைசிப் பகுதிக்கு இது போதும்! அதுவரைக்கும் சின்னவளுக்கு மூச்சு விடாத. நல்லா ஒரு மணி நேரம் திட்டட்டும். முடிஞ்சா செருப்பக் கழட்டட்டும். அப்புறம் மேடம் உண்மைய ஒடைப்பாங்க. சின்னவ கால்ல விழுவா. ஊரே அழும்."

"திட்டுனதுக்கு அப்புறம் தெரிஞ்சா அவங்க ஒடஞ்சு போயிடுவாங்க சார்."

"ஒடையட்டும்மா! அதுக்குத்தான மூணு கேமரா."

அந்த நிமிஷத்தில் அவளுக்கு அந்த ஆளின் மேல், அவருடைய பிஸ்கட்டின் மேல், அந்தக் கட்டடத்தின் கண்ணாடிப் பளபளப்பின் மேல், எல்லாவற்றின் மேலும் அருவருப்பு வந்தது. கையெழுத்தும் நினைவுக்கு வந்தது. அப்பாவின் தம்பட்டமும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கால்கள் சின்னவளின் அறைக்குத்தான் போயின.

முதலில், சொத்து என்று சின்னவளின் பேரில் அக்காவிடம் தான் மூட்டிய பொய்யை ஒப்புக்கொண்டாள். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னாள். சின்னவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். எந்த அறை என்று அவள் கேட்கவில்லை, ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனாள். மூன்றாவது கதவில் அக்கா இருந்தாள். "ஏண்டி இத்தன வருஷம் சொல்லல, பாவி" என்று அவள் முதுகில் அடித்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். நடைவழியில், துடைப்பமும் வாளியும் வைத்திருந்த மூலையில், இரண்டு பேரும் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள்.

ட்ரெயினி வாசலுக்குப் போய்ச் சாப்பாட்டுப் பைகளை வாங்கி வந்தாள். எடுத்துப் பார்த்தால், இருவருமே ஆளுக்கொரு பொட்டலம் கூடுதலாகக் கட்டி வந்திருந்தார்கள். யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டைரக்டர் வந்து பார்த்தபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு முகம் பேயடித்ததுபோல் ஆகிவிட்டது.

"கேமரா இல்லாத எடத்துல எவளாவது சமாதானம் ஆவாளா? எல்லாம் வீணாப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைக் குழைத்து, "சரிம்மா, உள்ள வந்து முதல்ல சண்டை போடுங்க. அப்புறம் இதே மாதிரி அழுங்க" என்றார்.

இருவரும் அரங்குக்குள் போய் எதிரெதிரே நின்றார்கள். "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று தொடங்கிய சின்னவளுக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவளுக்கும் தொற்றிக்கொண்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரித்தார்கள். கேமராமேன் வெறுத்துப்போய் மூன்று கேமராக்களையும் அணைத்துவிட்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்தான்.

மேடம் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். "ஒரு ட்ரெயினிய அடக்க முடியல, நீயெல்லாம் டைரக்டரா?"

"நீ மட்டும் என்ன ஒழுங்கு? சொந்தத் தங்கச்சி உன் வீட்டு வாசல மிதிச்சு எத்தன வருஷமாச்சு? நீ ஊர்க் குடும்பத்தச் சேத்து வைக்கிறியா?"

"உன் அப்பன முதியோர் இல்லத்துல தள்ளுனவன்தானடா நீ! தந்தையர் தின நிகழ்ச்சின்னு என்னை அழவச்சு, அதையும் வித்தவன்!"

டைரக்டர் கையிலிருந்த பேப்பர்களை வீசினார். மேடம் செருப்பையே கழற்றிவிட்டார். பெரியவள் சின்னவளின் காதில் கிசுகிசுத்தாள், ஆனால் அரங்கு முழுக்கக் கேட்டது. "பாவம்டி, இவங்களுக்கும் சாப்பாடு குடுக்கல போல."

டைரக்டர் திரும்பினார். கோபம் போக இடமில்லாமல் ட்ரெயினி மேல் வந்து விழுந்தது. "எல்லாம் உன்னாலதான்! கையெழுத்துன்னு இந்தப் பக்கம் வந்துடாத. போ வெளிய!"

அவளுக்கு ஒரு வருஷம் வீணாய்ப் போயிற்று. அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அணைந்து கிடந்த கேமராக்களைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அப்பா, தங்கச்சி, செருப்பு, எல்லாமே வந்துச்சு. இவ்வளவு நல்ல சண்டைய கேமரா இல்லாம போட்டு வீணாக்கிட்டீங்களே!"

அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் அக்காவும் தங்கையும் அவளுக்காக நின்றார்கள். மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தைச் சின்னவள் நீட்டினாள். காலையிலிருந்து தானும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.