கல்லில் பூத்த வெள்ளை

தையற்காரி அந்தக் கல்லைத் துணிப்பையிலிருந்து எடுத்து விண்கல் ஆய்வாளரின் மேசைமேல் வைத்தபோது, குழந்தையை ஊசி போடக் கொண்டுவந்தவள் போலத்தான் இருந்தாள். வானத்திலிருந்து விழுந்த கல் அது. கண்டெடுத்து வந்தவன் அவளுடைய ஒரே மகன். காய்ச்சலில் அவன் போன பிறகு, விடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து அவன் அலமாரியில் வைப்பதுதான் அவளுக்கு முதல் வேலை.

"நான் தலைவலின்னு படுத்தா ஒரு வாய் தண்ணி கிடையாது. கல்லுக்கு மட்டும் தினம் குளியல்," என்று ஆய்வாளரிடம் கோள் சொன்னார் கூட வந்திருந்த கணவர்.

"சும்மா இருங்க," என்று அவரை அடக்கிவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "தம்பி, இங்க பாருங்க. முதல்ல கடுகளவுதான் இருந்துச்சு. இப்ப எவ்வளவு படர்ந்திருக்கு! வளருதுல்ல?"

கல்லின் கரிய தோலில் ஒரு விரிசல். அதன் ஓரமெல்லாம் பஞ்சுபோல் வெள்ளைப் படிகம். ஆய்வாளர் ஆமாம் என்று சொன்னால் போதும், மகனுடையது ஏதோ ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது என்று அவள் வீடு திரும்பிவிடுவாள்.

ஆய்வாளர் சற்றுத் தயங்கினார். பிறகு அவளை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். அதே வகைக் கல்லின் மெல்லிய சீவல் ஒன்று அதில் இருந்தது. நீலமும் ஊதாவும் மஞ்சளுமாகக் குட்டி உருண்டைகள். சிலவற்றுக்குள் கம்பி கம்பியாகப் படிகங்கள்.

"பூமியே இல்லாத காலத்துல, உருகின துளிங்க ஆறும்போது வளர்ந்ததும்மா இதெல்லாம். சீக்கிரமா ஆறினது இப்படிக் கம்பியா நிக்குது. ஆறினதோட வளர்ச்சி நின்னுடுச்சு."

"அப்ப இந்த வெள்ளை?"

"நீங்க ஊத்தின தண்ணி உள்ள போய், கல்லையே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு வெளிய கொண்டுவருது. காயும்போது இப்படிப் பூக்குது."

துணி வெட்டிப் பழகியவளுக்கு அது புரிய நேரமாகவில்லை. ஓரிடத்தில் எடுத்தால்தான் இன்னோரிடத்தில் சேரும்.

"அப்ப அவன் கல்லை நான்தான் கரைச்சிட்டிருந்தேனா?"

கணவர் கேலியை மறந்து அவள் தோளைத் தொட்டார். சுத்தம் செய்யத் தூரிகையைக் கையில் எடுத்த ஆய்வாளர், அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இதைச் சுரண்ட மாட்டேம்மா. உள்ள இருக்கிறது வானத்துலயே வளர்ந்தது. இது உங்க கையால வந்தது. ரெண்டும் இருக்கட்டும். இனிமே தண்ணி மட்டும் வேண்டாம்."

ஈரத்தை உறிஞ்சும் குருணை போட்ட கண்ணாடிப் பெட்டியில் கல்லை வைத்து, மூடியைத் துடைத்து அழுத்திக் கொடுத்தார். கடவுள் சில நேரம் ஆறுதலை இந்த அளவில்தான் கொடுத்தனுப்புகிறார்.

மறுநாள் விடிந்ததும், பழக்கதோஷத்தில் குவளைத் தண்ணீரோடு அலமாரிவரை வந்துவிட்டாள். பெட்டிக்குள் கல் காய்ந்து கிடந்தது. இனி அது வளராது. நின்ற இடத்திலேயே அழுதாள்.

"தாகமா இருக்கு," என்றார் கணவர் கட்டிலிலிருந்து.

அவருக்குத் தாகமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் குவளையை நீட்டினாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.