ஏழு குழலும் ஒரு மூச்சும்

அன்புமொழிக்குத் தன் புல்லாங்குழல் மேல் ஒரு வருஷமாகவே கோபம். மோகன ராகத்தில் ஒரே ஒரு வரி. காந்தாரத்தில் கிளம்பி, பஞ்சமம், தைவதம் என்று ஏறி, மேல் ஷட்ஜத்தில் போய் நிற்க வேண்டும். எங்கே நின்றது? தைவதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகும். இசைக் கல்லூரித் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. இப்படி அறுத்து வாசித்தால் இடம் கிடைக்காது என்று குழல் டீச்சர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நூல் சுற்றிய அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் இதை மாற்று என்றும் சொன்னார்.

குற்றம் குழலுடையதுதான் என்பதில் அன்புமொழிக்கும் சந்தேகமே இல்லை. அது அண்ணன் கார்முகிலின் குழல். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங். குழல் ஊதினால் நெஞ்சு விரியும் என்று யாரோ சொல்லப்போக, மலிவாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நெஞ்சு விரிந்ததோ இல்லையோ, பிள்ளை அதற்குப் பிறகு குழலைக் கீழே வைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஆட்டோவில் அம்மா மடியில் அவன் மூச்சு நின்றது. பத்தொன்பது வயது. மிஞ்சியது அந்தக் குழலும், மோகனத்தையே அவன் போனில் வாசித்துப் பதிந்து வைத்திருந்த நாற்பத்திரண்டு பதிவுகளும். அன்புமொழி குழல் கற்றது அந்தப் போனைக் கேட்டுத்தான். டீச்சரிடம் போனதெல்லாம் இந்த ஒரு வருஷமாக.

வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அப்பா குவைத்தில். சாயங்காலம் அவள் வாசிக்க உட்கார்ந்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். வரி அறுந்த பிறகுதான் மறுபடி கரண்டி அசையும். அம்மாவுக்குத் தன் வாசிப்பு பிடிக்கவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சில நாள், அறுந்த இடத்தில், தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

அம்மா பரிமளாவும் அவளும் புதுக் குழல் வாங்க அரிமளத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். வாத்தியக் கடைக்காரர் நிலவழகனுக்கு முப்பது வயதிருக்கும். யாரையும் அவசரப்படுத்தத் தெரியாத மனிதர். பழைய குழலின் அதே ஐந்து கட்டைச் சுருதியில், நன்றாக முற்றிய மூங்கிலில் ஏழு குழல்களைத் துணி விரித்து அடுக்கினார். வாயில் வைக்கக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அன்புமொழிக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அம்மா கதவோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் குழல் கொஞ்சம் முரடு. இரண்டாவது அழகாகப் பேசியது, தைவதம் வரைக்கும். மூன்றாவது அதைவிட நன்றாயிருந்தது, அதுவும் அறுந்தது. இப்படியே ஏழாவது குழலும் அதே இடத்தில் அறுந்தது. ஒரு குழல் சதி செய்யலாம், ஏழுமா சேர்ந்து செய்யும்?

நிலவழகன் அந்த ஏழாவதை வாங்கித் துடைத்துத் தானே ஊதிப் பார்த்தார். வரி கோடு இழுத்ததுபோல் ஷட்ஜத்தில் போய் நின்றது.

“கொழல்ல கொறையில்ல தங்கச்சி. ஏழுலயும் அதே எடத்துலதான் மூச்சு வாங்குறீங்க. ஒங்களுக்கு வீசிங் இருக்கா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு இல்லை. போனில் வாசித்தவனுக்கு இருந்தது. நாற்பத்திரண்டு பதிவிலும் அந்த இடத்துக்கு வந்ததும் அவன் நிறுத்துவான், விசில் போல ஒரு மூச்சை உள்ளே இழுப்பான், பிறகுதான் ஷட்ஜம். அதுவும் பாட்டில் சேர்ந்தது என்று எண்ணி, அந்த இழுப்பு மாறாமல் அவள் பாடம் பண்ணியிருக்கிறாள். பாவம், பழைய குழல். அதைத் திட்டியதெல்லாம் வீண். அண்ணனின் நோயைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தினமும் ஊதிக் காட்டியிருக்கிறாள், அதுவும் பெற்றவள் காது கேட்க.

அழுகையை அடக்கிக்கொண்டு ஏழாவது குழலை மறுபடி எடுத்தாள். மூச்சை நிறைத்து, நிறுத்தாமல் ஊதினாள். கஷ்டமாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு கஷ்டமும் இல்லை. வரி லேசாகத் தைவதத்தைத் தாண்டி ஷட்ஜத்தில் நின்றது.

ஆனால் தாண்டிய அந்த இடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. விசில் போல, உள்ளே இழுக்கிற மூச்சு.

கதவோரத்தில் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இழுத்த மூச்சை அவள் இன்னும் வெளியே விடவில்லை.

அடுப்படியில் கரண்டி நின்றது அந்த மூச்சைக் கேட்கத்தான் என்று அன்புமொழிக்கு அப்போதுதான் புரிந்தது. குழலைக் கீழே வைத்தாள். புதுசு வேண்டாம், முன்ன மாதிரியே வாசிக்கிறேன் என்றாள். கல்லூரியும் வேண்டாம் என்று அந்த நிமிஷம் மெய்யாகவே நினைத்தாள்.

பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஏழாவது குழலை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“இதையே எடுத்துக்க ஆத்தா. நீ நிக்காம வாசி. அவன் மூச்ச நான் இழுத்துக்கிறேன்.”

சொன்னபடியே செய்தாள். அன்று முதல் தினமும் சாயங்காலம், தைவதம் வந்ததும் அடுப்படியிலிருந்து அந்த மூச்சு வரும். மகள் வரியை அறுக்காமல் ஏறிப் போவாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அம்மா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. அன்புமொழி கதவைச் சாத்திவிட்டு மோகனத்தை எடுத்தாள். காந்தாரம், பஞ்சமம், தைவதம். அடுப்படியில் விசில் போல ஒரு மூச்சு எழுந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. ஷட்ஜத்தைப் பிடித்து, அந்த மூச்சு அடங்கும் வரை அதிலேயே நின்றாள்.