பேஸ்ட் காயும்வரை

பானெட்டுக்குள் தலையை நுழைத்து, வால்வு மூடி உட்காரும் விளிம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான் ஷகீல். வீட்டுக்குள் அவனுடைய அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் என்ற முறைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வாசலுக்கு ஓடி வந்திருந்தான்.

ஆயில் கசிகிறது என்று நேற்றுச் சாயங்காலம் இந்த மூடியைக் கழற்றிப் போட்டவரே அத்தாதான். காலையில் பூட்டிக்கொள்ளலாம் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சேதி கேட்டுக் குன்னூரிலிருந்து தங்கை சாதியா கிளம்பி வந்த பஸ், கூடலூரோடு நின்றுவிட்டது. யானை மிதித்து ஒருவர் இறந்ததற்காகத் திடீர்க் கடையடைப்பு. வாடகை வண்டி எதுவும் ஓடாது. சாவு வீட்டுச் சொந்தக் கார் என்றால் விடுவார்களாம். எட்டு மாத வயிற்றோடு இருப்பவளைப் பைக்கில் ஏற்ற முடியாது. எஸ்டேட் லைன் வீடுகளில் கார் என்று இருப்பது இது ஒன்றுதான். அதுவும் நேரம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"மொகத்தப் பாக்காம எடுத்துராதீங்கண்ணே," என்று போனில் அழுதாள்.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நீ அங்கியே உக்காரு."

டப்பாவில், மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் இரண்டு கிடந்தன. கார்க்கில் செய்தது இந்த இஞ்சினுக்கே உரியது. ஆனால் கிடந்து கிடந்து காய்ந்துபோய், கையில் எடுத்ததும் மூலையில் விரிசல் விட்டது. ரப்பர் புதுசு, வேறு மாடலுக்கானது. இழுத்துப் பிடித்தால்தான் உட்காரும். வேறு வழி? ரப்பரை எடுத்தான். பொருந்தாத இடத்திலெல்லாம் பேஸ்ட்டைப் பிதுக்கி விரலாலேயே தடவினான். அதைக் காயவிட்டு, பிறகு நட்டுகளை அளவாக இறுக்க வேண்டும். பட்டறையில் எத்தனையோ பேருக்கு அவனே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, முடிஞ்சுதுங்களா?"

"பேஸ்ட் காயோணுங்க."

"வானத்தப் பாருங்க. மழ எறங்குச்சுன்னா குழி நிக்காது. சாயங்காலம் அசர் தொழுதவொடனே எடுத்துரோணும்."

தேயிலைக் காட்டுக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இதற்குமேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. காயாத குறையை இறுக்கிச் சரிக்கட்டிவிடலாம் என்று ஈரப் பேஸ்ட்டின் மேலேயே மூடியை வைத்து, நட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

அம்மா நபீசா வீட்டு ஜன்னலுக்கு வந்தாள். "அவளக் கூட்டியாந்துரு ஷகீலு. ஒரு தடவ பாத்துக்கட்டும்."

பாதி வழிகூடத் தாண்டவில்லை. முதலில் ஆயில் கருகும் வாசனை, பிறகு பானெட் இடுக்கெல்லாம் புகை. நிறுத்தித் திறந்தான். இறுக்கிய இறுக்கில் ரப்பர் ஒரு பக்கம் முழுக்கப் பிதுங்கி வெளியே தொங்கியது. இஞ்சின் பக்கவாட்டில் ஆயில் வழிந்து ரோட்டில் சொட்டியது. ஊற்ற வேறு ஆயில் இல்லை. நிறுத்தி உதவி கேட்க ரோட்டில் ஒரு வண்டி இல்லை. தன் கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது அவனுக்கு. முன்னால் போகவும் முடியாது, நடந்து திரும்பினால் நேரத்துக்குப் போய்ச் சேரவும் முடியாது. முதல் தூறல் விழுந்தது.

முத்தவல்லி போனில் கூப்பிட்டார். "தம்பி, எங்க வாறீங்க? அசர் முடிஞ்சுதுங்க. குழிக்குள்ள தண்ணி எறங்குது. உங்கம்மா உங்களத்தான் கேக்கச் சொல்றாங்க."

ஷகீல் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எடுத்துருங்க," என்றான்.

"தங்கச்சி...?"

"எடுத்துருங்க மாமா."

அத்தாவுக்கான தொழுகையையாவது இங்கிருந்தே தொழுதுவிடலாம் என்று நினைத்தான். மதகோரத்தில் ஊற்று ஓடியது. போனைக் கல்மேல் வைத்துவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி உளூச் செய்யக் குனிந்தான். தண்ணீர் விரல்களில் நிற்காமல் உருண்டு ஓடியது. நுனியிலிருந்து கணு வரைக்கும் பேஸ்ட் தோலோடு தோலாக இறுகிக் காய்ந்திருந்தது. தோல் நனையாமல் உளூ நிறைவேறாது.

போன் அடித்தது. திரையில் சாதியாவின் பெயர். ஷகீல் அதைப் பார்த்தபடியே விரல்களைக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.