கூவிச் சொன்ன எடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பெண் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டால் போதும், கண்ணாலேயே எடை போட்டுவிடுகிறார்கள். கண் என்ன தராசா? கிடங்கில் மூட்டைகளை எடை போட்டே கிழவரானவருக்குப் பிறத்தியார் கண்ணிலும் நம்பிக்கையில்லை, வாயிலும் நம்பிக்கையில்லை. அவருடைய மருமகள் தூங்காத நாளெல்லாம் கனத்தாள். தின்று கனக்கவில்லை, விழித்தே கனத்தாள். பகலெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி, வீட்டுக்கு வந்தால் கைப்பிள்ளை. முதலில் கட்டில்கால் தரைக்குள் இறங்கியது. பிறகு அவள் நின்று பாத்திரம் துலக்கும் இடத்தில் சிமெண்டு குழிந்து, இரண்டு பாதப் பள்ளத்திலும் தண்ணீர் தேங்கியது. அவள் புருஷன், கிழவரின் மகன், பூசினான், மறுபடி குழிந்தது, மறுபடி பூசினான். அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். சில நாள் பச்சைத் தண்ணீரோடு சரி. சில நாள் கதவுக்குப் பின்னால் நின்று சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வாள், காலடி கேட்டால் வாயைத் துடைத்துக்கொள்வாள். கிழவர் ஒரு தடவை பார்த்துவிட்டார். போதாதா? அலமாரியைப் பூட்டினார். பூட்டிய பிறகும் கனம் ஏறியது.

"தூக்கமில்ல மாமா, அதான்."

"தூங்கலன்னா இளைக்கத்தானேம்மா செய்யணும்? யாருகிட்ட காது குத்துற?"

மகன் ஒரே பேச்சில் முடித்தான். திருடித் தின்பது உண்மையானால் அவள் தாய்வீட்டுக்குப் போகலாம், பிள்ளை இங்கே இருக்கும். அப்பா சொன்னால் சரி.

கிழவர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கிடங்கின் மேடைத்தராசில் ஏற்றி எடை பார்த்தார். ஒரு வாரம் தன் கையாலேயே ரொட்டியை அளந்து போட்டார். பிறகு இரண்டாம் தடவை ஏற்றினார். கூடியிருந்தால் திருட்டு. அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை, சுமை ஏற்றும் நேரமாகிவிட்டிருந்தது. கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. முள் நின்றதும் எடைபோடுபவர் எடையைக் கூவ வேண்டும், சுமைகாரர்கள் அதைத் திருப்பிக் கூவ வேண்டும், அப்போதுதான் வாசலில் இருக்கும் லாரிக்காரனுக்கு எட்டும். முள் நின்றது. கிழவரின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"நானூறு கிலோ!"

கிடங்கு முழுக்க நானூறு கிலோ என்றது. வாசலில் லாரிக்காரனும் நானூறு கிலோ என்றான். போன தடவையைவிட நாற்பது கூடுதல்.

சுமைகாரன் ஒருவன் துண்டை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். இறங்கிப் போக அத்தனை கண்களையும் தாண்ட வேண்டும். மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள், சாய்ந்தவள் தூங்கிப்போனாள். முள் இறங்க ஆரம்பித்தது.

"இப்ப கூவுங்களேன் பெரியவரே, என்ன எடைன்னு," என்றாள் மூலையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவள்.

கிழவர் குனிந்து முள்ளையே பார்த்தார். முள் பூஜ்யத்தைத் தொட்டது. மருமகள் மேடையை விட்டு ஒரு சாண் எழும்பி, ஒருக்களித்த வாக்கில் குறட்டை விட்டாள். காற்று தள்ளிவிடக் கூடாதென்று சாக்கு தைப்பவள் அவள் கணுக்காலில் சணலைக் கட்டி மேடையோடு முடிந்தாள். மூட்டைகள் அடுத்த தராசுக்குத் திரும்பின.

சாயங்காலம் மகன் வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்குள் கிழவர் அவளுக்குக் கீழே மேடையில் எடைக்கல்லை வைத்துப் பார்த்திருந்தார். தராசு இம்மி பிசகவில்லை. அவர் காதுமடல் சுட்டது.

"என்னப்பா, திருடினாளா?"

"இல்ல. தராசு கெட்டுப்போச்சு."

"அப்ப இவ?"

"தூங்குறா, எழுப்பாத. நீ போய்ப் பிள்ளையப் பாரு."

அவளை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கிடங்கில் வந்து தூங்குவது அவளுக்கு வழக்கமாயிற்று. வருஷங்கள் போகப் போக சாக்கு தைக்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள், லாரிக்காரனின் பெண்டாட்டியும் வந்தாள். சுமைகாரர்கள் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். கிழவர் மட்டும் மருமகளின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஒரு நாள் யாரும் கவனிக்காத சமயம், மிதந்து தூங்குகிறவர்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எதுலயோ தொங்குறாளுங்க," என்று முணுமுணுத்துவிட்டு, சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.