ஏற்றத்துக்கு எந்த ஃபில்டர்

பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த காலையில்தான் மாமனார் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இனிமே ஆஸ்பத்திரிக்கு வரலைம்மா. போதும்."

மருமகள் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பினால்தான் மனிதர் அடுத்த தடவை வரை நடமாடுவார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"என்ன மாமா இது? தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான் பேசறேன்." அவர் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ரசித்துக் குடித்தார். டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் போகாமல், அளந்து அளந்து வாயை நனைத்துக்கொண்டிருந்த மனிதர்.

அழுது பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். கணவனைக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. அவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். கப்பல் துறைமுகத்தில் நின்றால்தான் அவன் குரல் கேட்கும், நடுக்கடலில் எப்போதாவது ஒரு மெசேஜ். அவள் வேலை பார்ப்பது டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் அக்கா. எவன் வண்டியை எந்தக் குழியில் கொண்டுபோய் விடப் பார்த்தாலும் தன் பக்கத்து பிரேக்கை ஒரு மிதி மிதித்து நிறுத்திவிடுவாள். வீட்டுக்குள் மிதிக்க அப்படி ஒன்றும் இல்லை.

மேஜையில் பார்சல் பாதி பிரிந்து கிடந்தது. உள்ளே காருக்குப் போடுகிற இரண்டு ஏர் ஃபில்டர்கள். ஒன்று கறுப்பு ஃபோம், இன்னொன்று எண்ணெய் தடவிப் போடுகிற சிவப்புக் காட்டன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கல் குவாரியை ஒட்டி ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. லாரிகள் கிளப்பும் தூசியில் காரின் கம்பெனி பேப்பர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொண்டு, காற்று போதாமல் டர்போ வண்டி மாட்டு வண்டியாக முனகும். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து கணவன் கப்பலில் உட்கார்ந்துகொண்டு ஃபில்டர் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தான். 'மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாரு. ஏத்தத்துல டர்போ மீட்டர் ஊசி எதுல நல்லா நிக்குதுன்னு சொல்லு' என்று மெசேஜ். அப்பா எப்படி இருக்கிறார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கேட்கப் பயம் என்று அவளுக்குத் தெரியும். காரைப் பற்றியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்பான்.

அவள் வாயில் அது எப்படி வந்ததென்று அவளுக்கே புரியவில்லை.

"சரி, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். ஃபில்டர் பாக்கவாவது கூட வாங்க. ஏத்தத்துல நான் ரோட்டைப் பாப்பேனா, ஊசியைப் பாப்பேனா?"

மாமனார் அந்தக் குவாரியின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏறி நிற்கும் லாரியின் எடையை, ஊசி ஆடி அடங்கும் வரை காத்திருந்து, படித்துச் சொல்வதே ஆயுசு முழுக்கச் செய்த வேலை. தராசு சமாச்சாரம் என்றால் சும்மா விடமாட்டார்.

"பாக்கறதுன்னா ஒழுங்காப் பாக்கணும்" என்றார், தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "ஒரே ரோடு, ஒரே கியர், ஒரே லோடு. ஒண்ணுல ஆளோட போயி இன்னொண்ணுல ஆளில்லாமப் போனா அது சோதனையே இல்ல, சும்மா ஊர் சுத்தறது."

"அப்ப லோடு?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப நீங்க வராம முடியாதே மாமா" என்றாள். பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது.

முதலில் பழைய பேப்பர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து போட்டுக்கொண்டு போனார்கள். ஏற்றத்தில் அவர் முன்னால் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு, "ஏறுது... ஏறுது... நின்னுடுச்சு, பாதிக்குக் கொஞ்சம் மேல" என்று ஒப்பித்தார். மேட்டைத் தாண்டி இறங்கினால் ஆஸ்பத்திரி. அவள் நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நான் இறங்க மாட்டேன்" என்றார் அவர். நர்ஸ் வெளியே வந்து எட்டிப் பார்த்து, "உங்க பெட் காலியா இருக்கு, வேற ஆளுக்குக் குடுத்துடவா?" என்று கேட்டதற்கு, "தாராளமாக் குடும்மா" என்றார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். என்ன சொல்லலாம் என்று தேடியதில் ஒன்று அகப்பட்டது. "மாமா, வெயில்ல காத்து சூடா இருக்கும்போது ஊசி வேற மாதிரி காட்டும். வெயில் தாழ்ந்தப்புறம் திரும்பி ஏறும்போது இன்னொரு தடவை பாக்கணும். அதுவரைக்கும் இந்தக் கார்ல வெந்துக்கிட்டா இருப்பீங்க? உள்ளே ஏசி."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

அடுத்து ஃபோம். ஊசி முன்பைவிட மேலே நின்றது. வண்டியும் துள்ளிக்கொண்டு ஏறியது. மாமனாருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் அந்த ஃபோமை விடவில்லை. ஒரு நாள் காற்று எதிரே அடித்தது என்றாள், ஒரு நாள் முன்னால் போன லாரி கெடுத்துவிட்டது என்றாள், இன்னொரு தடவை பார்த்தால்தான் நிச்சயம் என்றாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டயாலிசிஸ் தேறியது. வகுப்புகளைத் தள்ளிப் போட்டு ஸ்கூல் முதலாளியிடம் திட்டு வாங்கினாள். அது உறைக்கவே இல்லை.

கடைசியில் மாமனாரே கேட்டார். "காத்து நிறைய வருது, சரி. கூட என்ன வருதுன்னு பாத்தியா?"

ஃபில்டருக்குப் பின்னாலிருக்கும் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தாள். மாவில் புரட்டியது போல் வெளியே வந்தது. குவாரிப் பொடி.

"இது டர்போவைத் தின்னுடும்" என்றார். "தூக்கிப் போடு. சிவப்பைப் பாப்போம்."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். காட்டன் ஃபில்டரோடு வந்த எண்ணெய்ப் புட்டி வழியிலேயே கசிந்து காலியாகியிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இல்லை. வரவழைக்கச் சில நாள் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் பேப்பரைப் போட்டுப் போவோம் மாமா" என்று கெஞ்சினாள்.

"அதைத்தான் பாத்தாச்சே" என்றார் அவர், சாந்தமாக. "சிவப்பு ரெடியாகட்டும். அப்பப் போவோம்."

தான் போட்ட முடிச்சு தன் கழுத்தையே இறுக்கியது. ஒரு டயாலிசிஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தார். அவள் குடத்தை ஒளித்து வைத்தாள். அவர் குளியலறைக் குழாயில் போய்க் குடித்தார். பெரிய மனிதரைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? அவள் கணவனுக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினாள். எதற்கும் பதில் இல்லை.

எண்ணெய் வந்தது. "பாத்துத் தடவுங்க" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். "கொஞ்சமா விட்டு, ஊறவெச்சு, மிச்சத்தைத் துடைச்சுட்டுப் போடுங்க. அதிகமாச்சுன்னா உள்ளே காத்தை அளக்கற சென்சார்ல போய் ஒட்டிக்கும். அப்புறம் வண்டி படுத்துடும்." அவள் தலையாட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து அறைக்குள் போனபோது மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். வீங்கியிருந்த காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து திரும்ப வேண்டும். அதற்குள் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தாள். ஃபோமைக் கழற்றி டிக்கியில் எறிந்த நாளிலிருந்து கார் ஃபில்டர் இல்லாமல் நின்றது. வாசலில் பேப்பர் ஃபில்டரைக் கையில் எடுத்தாள். படியில் தடுமாறி நின்ற மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அதைப் போட்டா நான் ஏற மாட்டேன்" என்றார்.

பிடிவாதமா, விளையாட்டா, அவளுக்குப் புரியவில்லை. வாதாட நேரமும் இல்லை. சிவப்பு ஃபில்டரில் எண்ணெயைக் கவிழ்த்தாள். அவசரத்தில் வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு விழுந்தது. ஊறவும் விடவில்லை, துடைக்கவும் இல்லை. அப்படியே ஃபில்டர் பெட்டிக்குள் வைத்து மூடி வண்டியைக் கிளப்பினாள்.

ஏற்றத்தின் பாதி வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு குலுங்கல். மீட்டர் ஊசி அடிக்கே வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தியும் வண்டி இருமியதே தவிர நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரனை அலற விட்டன. அவள் ஓரம் கட்டினாள்.

"ஊசி... விழுந்துடுச்சும்மா" என்றார் மாமனார். உதடு நீலம் பாரித்திருந்தது. முன்னால் குனிந்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கி எடுத்தார்.

போனில் சிக்னல் இல்லை. வண்டியை விட்டு இறங்கி லாரிகளை மறித்துக் கையைக் காட்டினாள். கல் ஏற்றிய வண்டி அந்த மேட்டில் நின்றால் மறுபடி எடுக்க முடியாது. ஓட்டுநர்கள் கையை விரித்துக்கொண்டே போனார்கள். பானெட்டைத் திறந்தாள். எண்ணெயில் ஊறிய சிவப்பு ஃபில்டரைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தாள். டிக்கியில் கிடந்த ஃபோமை எடுத்து வந்தாள்.

கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார் அவர். "அது... தூசி விடும்மா."

"விடட்டும் மாமா! டர்போ போனா மயிராச்சு!"

மாமனார் முன்னால் அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. ஃபோமைப் போட்டுச் சாவியைத் திருப்பினாள். அதே இருமல். சென்சார் கெட்டுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. டிரைவிங் ஸ்கூலின் பழைய கார் ஒன்று, அந்தச் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்ட நிலையிலேயே ஒரு வாரம் ஓடியது நினைவுக்கு வந்தது. வேகம் இருக்காது, ஆனால் ஓடியது. விரலால் தடவிப் பிளக்கின் கொக்கியைத் தேடினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பிளக் கழன்றது.

வண்டி உறுமவில்லை, துள்ளவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிய, நொண்டிக்கொண்டு நகர்ந்தது. "போயிடலாம் மாமா, போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே முதல் கியரில் மேட்டை ஏற்றினாள். பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது கேட்கிற வரை போதும் என்று ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஹாரனில் வைத்த கையை, ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் எடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் அவளை உள்ளே விட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து கிடந்தவர், அவள் விரலில் சுற்றியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

அவள் அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "ஃபில்டரெல்லாம் சும்மா மாமா. உங்களை இங்கே கொண்டுவரத்தான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வெயில் தாழணும்னு சொன்னியே, அப்பவே."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னே. வீணாக்க மனசு வரலை." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பேசினார். "எனக்கே நான் சலிச்சுப் போயிட்டேன்மா. இங்கே வந்து போனா அன்னிக்கு முழுக்கக் கிறுகிறுப்பு. மறுநாள் கொஞ்சம் தெளிஞ்சா அடுத்த நாள் திரும்ப இங்கே. உன் பொழப்பும் இதுல கெட்டுப் போகுது. அதான் விட்டுடலாம்னு பாத்தேன்."

"இப்ப?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய தைரியசாலி மாதிரி சொல்லிட்டேன். இன்னிக்கு மூச்சு முட்டினப்போ பயந்துட்டேன். வண்டி நகராதான்னு இருந்துச்சு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அதுக்காக மனசு மாறிட்டேன்னு நினைக்காதே. அவன் கரை இறங்கற வரைக்கும் வர்றேன். வந்தப்புறம் மூணு பேரும் உக்காந்து பேசுவோம். அப்பவும் நான் வேண்டாம்னு சொன்னா, நீ குறுக்கே நிக்கக் கூடாது. சொல்லு."

அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது.

"சரி மாமா."

ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி, கணவனுக்கு மெசேஜ் அடித்தாள். 'கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும். அடிக்கடி மாத்திக்கலாம். இனிமே ஒண்ணும் அனுப்பாதீங்க. உங்கப்பாவுக்கு நேத்து உசிரு போகப் பாத்துச்சு. நீங்க வாங்க.' மறுபடி படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையையும் மென்மையாக்காமல் அனுப்பினாள்.

பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. மாமனார் சீட்டில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தார். வண்டியை முதல் கியரில் போட்டு மேட்டில் ஏற்றினாள். சென்சார் ஒயர் இன்னும் கழன்றேதான் இருந்தது. ஆள் நடக்கிற வேகம். பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. யாரோ ஒருவன் எட்டிப் பார்த்து, வண்டி ஓட்டத் தெரியுமா என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.