சுற்று முக்காலி

கிட்டங்கித் தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். இடது கை பழத்தைக் கல்லின் மேல் பிடிக்கும், வலது கையிலிருக்கும் கட்டை இறங்கும். கொட்டை ஒரு பக்கம் போகும், சதை ஒரு பக்கம் போகும். தீர்த்தம்மாளின் விரல் நுனிகளைப் புளிப்பு அரித்து, தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த மகள் சகாயமேரிக்கு வயது பத்தொன்பது. அவளுக்கு இப்போதுதான் நகக்கண்கள் வெடிக்க ஆரம்பித்திருந்தன.

"கான்வென்ட்டு மதர் கூப்பிட்டு அனுப்புனாங்களே, என்ன சொன்னாங்க?" என்றாள் தீர்த்தம்மாள், கட்டையை நிறுத்தாமல்.

"பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரு அடுத்த வருசக் கடைசியில வேலைய வுட்டுப் போறாங்களாம். லண்டன் பரீச்ச பாஸ் பண்ணுனா அந்த வேலை எனக்குத்தான்னாங்க."

"நீதான் கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிறியே."

"அது பத்தாதாம்மா. பியானோவுல பாஸ் பண்ணோணுமாம்."

தீர்த்தம்மாள் மகளின் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த பழத்தை எடுத்தாள்.

தருமபுரியில் பியானோ சொல்லித்தர ஆள் இல்லை. மொரப்பூர் ரயில்வே குடியிருப்பில், இறந்துபோன ரயில் கார்டு ஒருவரின் மனைவி மிசஸ் டிக்ரூஸ் சொல்லித்தருவதாக மதருக்குத் தெரியும். பதினான்கு வருடத்தில் அவளிடம் படித்த யாரும் பரீட்சையில் தோற்றதில்லை என்று ஊரே சொல்லும். மதர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை தாயும் மகளும் சின்ன ரயிலில் மொரப்பூர் போய் இறங்கினார்கள்.

மிசஸ் டிக்ரூஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, சகாயமேரியின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"இது என்ன, சொறியா?"

"புளி தட்டறதுங்க மிஸ்ஸம்மா," என்றாள் தீர்த்தம்மாள். "சம்பளம் கட்ட எங்களால ஆவாதுங்க. வூட்டு வேலை என்ன இருந்தாலும் செய்வா."

சரி என்று முடிவாயிற்று. சனிக்கிழமைதோறும் காலையிலிருந்து வீடு பெருக்குவது, துணி துவைப்பது, மசாலா அரைப்பது. மத்தியானம் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்த பிறகு அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம்.

பியானோவுக்கு முன்னால் சிவப்பு வெல்வெட் வைத்த முக்காலி ஒன்று இருந்தது. திருகினால் ஏறும், இறங்கும். வெல்வெட்டைத் துடைத்து, வருகிற பிள்ளைக்குத் தகுந்த உயரத்துக்குத் திருகி வைப்பதும் சகாயமேரியின் வேலைதான். ஸ்டேஷன் மாஸ்டரின் நெட்டை மகனுக்கு அடிவரைக்கும் இறக்க வேண்டும். எட்டு வயது டெய்சிக்கு அங்கிருந்து ஆறு சுற்று ஏற்ற வேண்டும்.

முதல் நாள் தன் முறை வந்தபோது சகாயமேரி முக்காலி ஓரமாக நின்றாள். மிசஸ் டிக்ரூஸ் அவளுடைய புடவையில் இருந்த புளிக்கறையைப் பார்த்தாள், வெல்வெட்டைப் பார்த்தாள். பிறகு முக்காலியைத் தன் காலால் ஓரமாக நகர்த்தினாள்.

"நீ நின்னுக்கோ. குள்ளமா இருக்கே, நின்னாலே சரியா இருக்கு."

சகாயமேரிக்கும் அது சரியாகத்தான் பட்டது. துரைசானி வீட்டில் உட்காருவதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சொல்லிக் கொடுத்ததில் மிசஸ் டிக்ரூஸ் குறை வைக்கவில்லை. புறங்கையில் செப்புக் காசை வைத்து, அது விழாமல் விரல்களை ஓட்டச் சொன்னாள். ஒரு வரி பிசகினால் பத்துத் தரம் வாசிக்க வைத்தாள். பரீட்சைத் துரை எந்த வார்த்தை சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட, தானே துரையாக நின்று பழக்கினாள்.

"தேங்க் யூன்னு சொன்னா?"

"முடிஞ்சுதுங்க. கும்புட்டுட்டு வெளிய வந்துரோணும்."

"ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. துரைக்குப் பிடிக்காது."

வீட்டில் சகாயமேரி ஒரு பலகையில் சுண்ணாம்பாலும் கரியாலும் பியானோக் கட்டைகளை வரைந்து, அதைத் தானியக் குதிரின் மேல் வைத்து, நின்றபடியே விரல்களை ஓட்டினாள். சத்தம் எதுவும் வராது. தீர்த்தம்மாள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"காலு கடுக்கல? உக்காந்துதான் வாசியேன் கண்ணு."

"நின்னாத்தாம்மா கை நிக்குது."

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. ஐப்பசியில் சேலத்தில் பரீட்சை. மழை தூறிக்கொண்டிருந்தது. மிசஸ் டிக்ரூஸ் அவளுக்குத் தன் பழைய வெள்ளைப் புடவை ஒன்றைக் கொடுத்திருந்தாள். அவளுக்கு முன்னால் உயரமான பையன் ஒருவன் உள்ளே போய் வந்தான். அப்புறம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்த வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். அவள் பியானோவுக்கு முன்னால் போய் நின்றாள். துரை கையைக் காட்டி, "சிட் டவுன்," என்றார். அவள் நின்றாள். துரை மறுபடியும் சொன்னார்.

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பையனுக்காக இறக்கிய முக்காலி. கட்டைகள் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டன. தூக்கிய மணிக்கட்டு வலித்தது. முதல் பாட்டில் இடது கை ஒரு கட்டை தள்ளியே விழுந்தது, அவளுக்கே காதில் கேட்டது. முக்காலியைத் திருகலாம் என்று தோன்றியது. எத்தனை பிள்ளைகளுக்குத் திருகியிருக்கிறாள். தனக்கு எத்தனை சுற்று என்பதுதான் தெரியவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையாவது ஒழுங்காக வாசித்துவிட வேண்டும் என்று அவள் எழுந்து நின்று, கட்டைகளின் மேல் கையைக் கொண்டுபோனாள்.

எழுதிக்கொண்டிருந்த துரை தலையைத் தூக்கி, அவள் எழுந்து நிற்பதைப் பார்த்தார்.

"தேங்க் யூ," என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டு, ஒரு நிமிடம்கூட நிற்காமல் வெளியே வந்தாள்.

மார்கழியில் பரீட்சை முடிவுத் தாள் வந்தது. பள்ளிக்கூடத்து வேலைக்குத் திருச்சியிலிருந்து வேறொருத்தி வருவதாக மதர் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை சகாயமேரி மொரப்பூர் போனபோது, மிசஸ் டிக்ரூஸ் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினஞ்சு வருஷம். ஒருத்தரும் ஃபெயில் இல்லை. நீ பாதியில எழுந்துட்டதா துரை எழுதியிருக்கார். ஏன் எழுந்தே?"

"வாசிக்கத்தானுங்க எந்திரிச்சேன்."

மிசஸ் டிக்ரூஸுக்கு அது விளங்கவில்லை. "எல்லாம்தானே சொல்லிக் கொடுத்தேன்? எதை விட்டேன், சொல்லு."

சகாயமேரி யோசித்துப் பார்த்தாள். ஸ்கேல், பாட்டு, புறங்கைக் காசு, துரையின் வார்த்தைகள். எல்லாம் இருந்தன. அழுகைகூட வரவில்லை.

"ஒண்ணும் வுடலீங்க மிஸ்ஸம்மா."

"பாடம் இனிமே வேண்டாம். வேலைக்கு மட்டும் வா, நாலணா தரேன். டெய்சிக்கு அடுத்த பரீட்சை வருது. முக்காலியைப் போடு."

அவள் வெல்வெட்டைத் துடைத்து, ஆறு சுற்றுச் சுற்றினாள். டெய்சி ஏறி உட்கார்ந்து, கட்டைகளின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டாள்.

"நான் வளந்துட்டேன். உயரமா இருக்கு."

சகாயமேரி குனிந்து ஒரு சுற்றுக் குறைத்தாள். டெய்சி மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள் சகாயமேரி.