ஜன்னலுக்கு முன் நின்ற கல்

பிஸ்கட் ஆலை மாடியில் மேலாளரின் ஜன்னலை நோக்கிப் பறந்த கல், கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் காற்றிலேயே நின்றுவிட்டது. எறிந்தவன் அந்த ஆலையின் வெல்டர். பேக்கிங் கூடத்தில் தீப்பிடித்த அன்று, வெளிப்பக்கம் பூட்டியிருந்த பின்கதவைத் தட்டித் தட்டியே செத்துப்போனவள் அவன் தங்கை. அந்தப் பூட்டை எடுக்கச் சொல்லி ஒரு மாதமாக வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவள், அதே கூடத்தில் வேலை செய்து உயிர் தப்பிய அவன் மனைவி. யார் மேலும் கை படக் கூடாது, ஒரு கண்ணாடிகூட உடையக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

போலீஸ் ஏணி வைத்து இழுத்துப் பார்த்தது, கல் அசையவில்லை. எறிந்தவனைக் காட்டிக்கொடுக்காவிட்டால் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போவோம் என்றார் இன்ஸ்பெக்டர். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் இன்னும் கற்களைப் பொறுக்கினார்கள். மீதிப் பேர் வெல்டரை முறைத்தார்கள்.

"உன் கூடப்பிறந்தவளா இருந்தா இப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பியா?" என்று மனைவியிடம் கேட்டான் அவன்.

"அவளுக்குப் பக்கத்துல நின்னு அந்தக் கதவை நானும்தான் தட்டினேன். இனிமே அவங்க கதவைப் பத்திப் பேச மாட்டாங்க, உன் கல்லைப் பத்தித்தான் பேசுவாங்க."

"ஒரு மாசமா எதைப் பத்தியாவது பேசினாங்களா?"

அவள் எழுந்துபோய்க் கல்லுக்கு நேர்கீழே உட்கார்ந்தாள். "யாருன்னு சொல்ல மாட்டேன். விழுந்தா என் தலையில விழட்டும்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

ஒரு போலீஸ்காரர் அவள் தோளைப் பிடித்தார். கல் கண்ணாடியை நோக்கி விரற்கடை நகர்ந்தது. மனைவி மேல் கை பட்டதைப் பொறுக்காமல் வெல்டர் இன்னொரு கல்லை எடுத்தான். தொங்கிய கல் அவள் உச்சந்தலையை நோக்கி இறங்கியது. அவன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். போலீஸ்காரரும் கையை எடுத்தார். கல் பழைய இடத்துக்கு ஏறி நின்றது. அதன்பிறகு யாரும் அசையவில்லை; இருமல் வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் மேலாளரின் முகம் வெளிறிக்கிடந்தது. வெயில் சாயும்போது அவர் இறங்கிவந்து, தன் கையாலேயே பின்கதவைத் திறந்துவிட்டார். அது பிறகு பூட்டப்படவே இல்லை.

ஜெயித்தது உட்கார்ந்ததாலா எறிந்ததாலா என்று புருஷனும் பெண்டாட்டியும் பல வருடம் சண்டை போட்டார்கள். சில வாரங்கள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தார்கள். ஆலையில் மூன்று மேலாளர்கள் மாறிவிட்டார்கள். ஜன்னல் துடைக்க வருகிறவர் கண்ணாடியை முடித்ததும், அதே துணியால் கல்லையும் ஒரு துடை துடைத்துவிட்டு, அடுத்த ஜன்னலுக்குப் போகிறார்.